கண்ணாடிக்காரர் நடுக்கம்

“வரலையே மேடம்!” என்றார் கண்ணாடிக்காரர்.

“பொறுங்க சார். இன்னும் நேரம் இருக்கு,” என்றார் ஆராய்ச்சியாளர், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த செயற்கைக்கோளின் ஒலி, ஸ்பீக்கரில் ‘ஊ...’ என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அந்தச் சீர்தான் கண்ணாடிக்காரருக்குப் பிடிக்கவில்லை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்பவர் அவர். வீட்டில் அமெச்சூர் ரேடியோக்காரர். கோள் கடக்கும்போதெல்லாம் அதன் ஒலியைப் பிடித்து, பதிவுசெய்து, ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவார். கோளின் ரேடியோ அலை, வானத்து உச்சியில் மின்துகள் நிறைந்த அயனி மண்டலத்தைத் தாண்டித்தான் கீழே வரவேண்டும். அங்கே ஏதாவது கலாட்டா என்றால் ஒலியே காட்டிக்கொடுத்துவிடும். மற்ற ரேடியோக்காரர்களுக்கு எப்போதாவது அகப்படும் கலாட்டா, இவருக்கு மட்டும் தவறாமல் அகப்பட்டது. ‘ஊ’வுக்கு நடுவே ஒரு ‘டுர்ர்ர்’. இரண்டு வருஷமாக! நிலையத்தில் அதற்குக் ‘கண்ணாடிக்காரர் நடுக்கம்’ என்றே பெயர். கட்டுரையும் தயார், அதில் இவர் பெயரும் உண்டு. நேரில் ஒரு தடவை கேட்டுவிட்டால் அச்சுக்குப் போகும். அதற்காகத்தான் அந்த அம்மாள் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார்.

“பக்கத்துல ஏதோ மோட்டார் ஓடுதுன்னு எங்க தலைவர் சொன்னார் சார். நான்தான் சண்டை போட்டேன். மோட்டாருக்குக் கோள் வர்ற நேரம் எப்படித் தெரியும்? காலையில வந்தா காலையில நடுங்குது, சாயங்காலம் வந்தா சாயங்காலம். கோள் மறைஞ்சா கப்சிப்!”

“அதானே!” என்றார் கண்ணாடிக்காரர். குரல் மட்டும் நடுங்கியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, கடையில ஆள் வந்து கேக்கும்போதுதான் சரக்கு தீர்ந்துபோகும். வீட்டுலயும் அப்படித்தானா?”

“நீ சும்மா இரு. ஆன்டெனா சாய்ஞ்சிருக்கு.”

பால்கனியில் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாவை ஒரு திருப்புத் திருப்பினார். பூந்தொட்டி ஒன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. கீழே ‘பொத்’.

“யாருய்யா அது? இப்பத்தான் துவைச்சுப் போட்டேன்!” என்று கீழ்வீட்டுக்காரி கத்தினாள்.

“இங்க யாரும் இல்லீங்க!” என்றாள் மனைவி.

ஒலி முன்னைவிடச் சுத்தமானது. கோளும் மறைந்தது.

“அடுத்தது ஒன்றரை மணி நேரத்துல வரும். அதுதான் எனக்குக் கடைசி,” என்றார் ஆராய்ச்சியாளர். “அப்புறம் ரயிலைப் பிடிக்கணும்.”

கண்ணாடிக்காரர் ஆன்டெனாவைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறிக் கட்டினார். வழியை மறித்த ஒரு ஒயரை ஒதுக்குவதற்காகக் கழற்றிவிட்டார். அது மேல்வீட்டுக்காரரின் டிவி ஒயர். ஐந்தாவது நிமிஷம் அவர் வந்து சோபாவில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

“என் டிவி வர்ற வரைக்கும் நான் இங்கதான்.”

அவர் பக்கத்தில் கீழ்வீட்டுக்காரி, மண் அப்பிய போர்வையோடு. “யாரும் இல்லைன்னீங்க, ஒரு கூட்டமே இருக்கு!”

மாமனார் உள்ளறையிலிருந்து விந்தி விந்தி வந்தார். காலையிலிருந்து இது நாலாவது நடை.

“மாப்பிள்ளை, இன்னிக்கு ஹெட்போன் மாட்டலையா?”

“மேடமும் கேக்கணுமே மாமா. அதான் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.”

“ஆளுக்கு ஒண்ணா மாட்டிக்கிட்டா?”

“மாமா, நான் இருக்கிற இருப்புல...! நீங்க போய் உட்காருங்க.”

“உட்கார்ந்து என்ன பண்றது?” என்று முனகிக்கொண்டே போனார்.

கோள் வந்தது. மொட்டைமாடி ஆன்டெனாவின் புண்ணியத்தில், ‘ஊ...’ கழுவித் துடைத்ததுபோல் வந்தது. ஒரு பிசிறு இல்லை.

“இவ்வளவு தெளிவா வருதே, இதுக்கா சார் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?” என்றார் மேல்வீட்டுக்காரர். “இதுல கால்வாசி எனக்கு வந்தா போதும்.”

ஒலி தேய்ந்து அடங்கியது. கண்ணாடிக்காரர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். “மன்னிச்சுக்குங்க மேடம். என் பேரை எடுத்துடுங்க.”

திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர், திடீரென்று எழுந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“எதுக்கு சார் எடுக்கணும்? ரெண்டு வருஷம் விடாம நடுங்கின வானம் இன்னிக்கு நின்னிருக்கு! ஆரம்பமும் நம்மகிட்ட இருக்கு, முடிவும் இருக்கு. ஒரு நடுக்கத்தோட முழு ஆயுசையும் யாரும் பதிவு பண்ணினதில்லை. கட்டுரையில உங்க பேர்தான் முதல்ல!”

கண்ணாடிக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. மனைவி அவருக்குத் துண்டை நீட்டினாள். கீழ்வீட்டுக்காரிகூடப் போர்வையை மறந்து கைதட்டினாள். எல்லோருமாக வாசல்வரை வந்து ஆராய்ச்சியாளரை வழியனுப்பினார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, மாமனார் மெல்லக் கதவோரம் வந்து நின்றார்.

“கிளம்பிட்டியாம்மா? நல்லவேளை. மாப்பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரேடியோ கேக்கிற நேரத்துலதான் சத்தம் தெரியாம நான் என் கால் பிடிச்சுவிடுற மோட்டார் மெஷினைப் போட்டுக்குவேன். ரெண்டு வருஷத்துல இன்னிக்கு ஒருநாள்தான் போடலை, அதுக்கே முட்டி பிடிச்சுக்கிச்சு!”