வலிக்காத ஆணி

வலி நின்றுவிட்டால் நோயும் போய்விட்டது என்று நம்புகிற புத்திசாலிகளில் நானும் ஒருவன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் எனக்கு வேலை. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு சீசன் முழுக்க இரண்டு பாதத்திலும் கம்பி மத்தாப்பு கொளுத்தியதுபோல எரிச்சல். நரம்பு பழுதாகிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். சில மாதத்தில் எரிச்சல் அடங்கியது. குணமாகிவிட்டதென்று மாத்திரையை நானே நிறுத்தினேன். (நடக்கும்போது தரை பஞ்சு மாதிரி இருந்ததைப் புதுச் செருப்பின் மகிமை என்று நினைத்தேன்.)

அந்தச் சமயத்தில்தான் மகள் செல்விக்கு விருதுநகரில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணும் வந்து வீட்டைப் பார்க்கட்டும் என்று கூப்பிட்டார்கள். மிளகாய் வற்றல் வியாபாரக் குடும்பம். புது வீடு, பால்போலத் தரை. வாசலில் என் வலது செருப்பு கழலவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, மிடுக்காக உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்குச் சுகர் இருக்குன்னாங்களே, எப்படி இருக்கீக?" என்றார் சம்பந்தி.

"அதெல்லாம் போயிருச்சு. ஓடச் சொன்னா ஓடுவேன்."

சம்பந்தியம்மா காபியோடு வந்தவர் பாதியில் நின்றார். "யாரு குங்குமத்த மிதிச்சுட்டு வந்தது?"

வாசலிலிருந்து சோபா வரை சிவப்புக் காலடிகள். எல்லாம் வலது கால். (நானும் அக்கறையாக, யார் என்று சுற்றிலும் பார்த்தேன்.)

மாப்பிள்ளை வெளியே போய் என் செருப்போடு வந்தார். அடியில் இரண்டு அங்குல ஆணி. எங்கே குத்தியது என்று இன்றுவரை தெரியாது.

செல்வி எல்லார் முன்னாலும் தரையில் உட்கார்ந்து என் காலைத் தூக்கிப் பார்த்தாள். "வலிக்கலையாப்பா?"

"இல்லயே" என்றேன், பெருமையாக.

"மாத்திர போடுறேன்னுதான சொன்னீக" என்றாள். காலை மடியில் வைத்துக்கொண்டே அழுதாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொடும்போது சொல்லுங்கள் என்றார் டாக்டர். காத்திருந்து பார்த்துவிட்டு, "எப்பங்க தொடுவீக?" என்று கேட்டேன்.

"பத்துத் தடவ தொட்டாச்சுங்க."

எரிச்சல் நின்றது குணமாகி அல்ல, நரம்பு செத்து. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். புண் ஆற நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். கல்யாணம் தள்ளிப்போனது. ஒருவழியாக அது நடந்தபோதும், தாரைவார்த்துக் கொடுக்க வேண்டிய நான் நிற்க முடியாமல் நாற்காலியில் இருந்தேன்.

இப்போது மாத்திரையும் மெத்தென்ற தனிச் செருப்புமாக இருக்கிறேன். தினமும் காலையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விசேஷ வீடுகளில் சம்பந்தி இன்னும் சொல்கிறார்: "எங்க வீட்டுக்கு மொதல்ல வலது கால எடுத்து வச்சு வந்தது மருமக இல்ல, அவ அப்பாதான். கையெழுத்தும் போட்டுட்டாரு." எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். செல்வி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.