பஸ்ரா ஆளுநரும் இக்னேசியஸின் இராஜினாமாவும்

ரொறன்ரோவில் ஒரு சங்கத் தலைவர் பதவி விலகுவதென்றால் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தழுதழுத்த குரலில், "நான் விலகுறன்" என்பார். சபை "ஐயோ, வேண்டாம்!" என்று பதறும். சபையின் விருப்பத்துக்குத் தலைவணங்கி அவர் மறுபடி உட்காருவார். பிறகு றோல்ஸும் தேத்தண்ணியும்.

மன்னார்ப் பக்கத்துப் பழைய மாணவர் சங்கமொன்றின் தலைவர் இக்னேசியஸுக்கு வந்த கஷ்டம், அவர் உண்மையாகவே விலக விரும்பியதுதான். பக்கத்து நகரான விட்பியில் மகள் நடாஷாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. கூட்டங்களுக்கு நடுவே பேரனை அவர் போனில் மட்டுமே பார்த்துவந்தார்.

"அப்பா, நீங்கள் போனுக்குள்ளதான் குடியிருக்கிறீங்கள் எண்டு பிள்ளை நினைக்கிறான்" என்றாள் நடாஷா. அது அவரைச் சுட்டுவிட்டது.

வெறுமனே விலகுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆகவே, பதவியை வெறுத்த ஒருவரின் கதையைச் சொல்லும்படி, கூடப் படித்த நிஸ்தாரைப் பொதுக்கூட்டத்தில் பேச அழைத்தார். தலைமைத்துவம் பற்றி யாராவது முழங்காத கூட்டத்தை இப்போதெல்லாம் கூட்டமாகவே மதிப்பதில்லை என்பதால், எவரும் சந்தேகப்படவில்லை.

நிஸ்தார், உத்பா இப்னு கஸ்வானின் வாழ்க்கையைச் சொன்னார். நபிகளாரின் தோழர், படை நடத்தி வென்றவர், பஸ்ரா நகரை அமைத்து ஆண்டவர். பதவி மனதைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, கலீபா உமரிடம் போய், தன்னை விடுவிக்கும்படி மன்றாடியவர்.

மண்டபம் உருகியது. இதுதான் சமயமென்று இக்னேசியஸ் எழுந்தார்.

"நானும் விலகுறன். சத்தியமா விலகுறன்!"

செயலாளர் அருள்மலர் கையை உயர்த்தினார். "நிஸ்தார் அண்ணை, கலீபா அவரை விட்டவரோ?"

நிஸ்தாருக்குப் பொய் வராது. "இல்லை. திரும்பிப் போய் ஆளச் சொல்லிப்போட்டார்."

"அப்ப முன்னுதாரணம் தெளிவா இருக்கு. கலீபாவே ஏற்காததை ஏற்க நாங்கள் ஆர்?"

கரகோஷம் எழுந்தது.

"பிறகு என்ன நடந்தது எண்டும் கேளுங்கோவன்!" என்று இக்னேசியஸ் கத்தினார்.

"போற வழியிலயே மௌத்தாகிட்டார்" என்றார் நிஸ்தார்.

சபை எழுந்து மௌனம் காத்தது. பிறகு, மேற்படி துயரச் சம்பவத்தைக் கருத்திற்கொண்டு, தலைவர் தனியாகக் கார் ஓடக் கூடாதென்றும், உயிருள்ளவரை பதவியில் நீடிப்பாரென்றும் ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதுக்குக் காரணம் இருந்தது. பாதிப் பேருக்கு அந்தக் கதிரை மேல் கண். ஆனால் அது பக்கத்தில் இருப்பவருக்குப் போவதைவிட இக்னேசியஸிடமே கிடப்பது மேல்.

அருள்மலர் பொன்னாடையோடு வந்தார். வேண்டாமென்று தடுக்க இக்னேசியஸ் கையைத் தூக்கினார். "எங்கள் ஆயுட்காலத் தலைவர்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. தூக்கிய கை, பாவம், தானாகவே கும்பிட்டுவிட்டது.

போன் அடித்தது. நடாஷா.

"விட்டாச்சோ, அப்பா?"

"விடுறாங்கள் இல்லைப் பிள்ளை" என்று பெருமூச்சு விட்டபடியே, படம் எடுப்பவருக்கு வசதியாகப் பொன்னாடையின் சரிகைப் பக்கத்தை வெளியே திருப்பிவிட்டார் இக்னேசியஸ்.