நிரந்தரம் ஆன இறகுகள்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இருந்து சலித்துப்போய் முதலாளி ஆகிவிட்டிருந்த காலம் அது. குகையை இறைச்சிக் குளிர்கிடங்காக மாற்றி, வாசலில் காவலும் போட்டிருந்தது. இரவுக்காவல் ஆந்தை இருளப்பனிடம் இருந்தது. பகலில் வருகிறவர்களுக்கு வணக்கம் வைக்கிற வேலை மயில் சிகாமணிக்கு. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அது பொறுக்காத மேலாளர் நரி கோதண்டம் பக்கத்துக் காட்டுக்குப் போய் ஏதோ பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் எல்லா வேலையும் கற்க வேண்டுமாம். ஆந்தைக்குப் பகல் ஷிஃப்ட், மயிலுக்கு இரவு ஷிஃப்ட் என்று மாற்றிப் போட்டார். காவலில் கண்ணயர்ந்தது தெரிந்தால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவைத்தார்.

சிகாமணிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. காரணம் வேலை மட்டும் இல்லை, அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பூங்கோதை. அவளுடைய அப்பா சடையாண்டி, மழைக்கு ஆடுகிற பையன்கள் மரத்துக்கு மூன்று பேர் கிடைப்பார்கள், வேலை நிரந்தரம் ஆனவனுக்குத்தான் பெண் என்று கறாராகச் சொல்லியிருந்தார். மழைக்காலம் முடிந்ததும் நிரந்தர ஆணை வரும். அதுவரை கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டும்.

இரவு விழிக்கலாம். பகலில் தூங்கவேண்டுமே? சிகாமணியின் தலைக்கு மேலேயே மரங்கொத்தி தங்கராசு மாடி கட்டிக்கொண்டிருந்தான். டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தப்பா என்று கெஞ்சினால், பட்டப்பகலில் படுத்துக் கிடக்கிற சோம்பேறிக்காக நான் பொழைப்பை விடணுமா என்றான். சொந்தக்காரர்களோ, நீதான் பகலெல்லாம் சும்மா இருக்கிறாயே என்று ரேஷன் வாங்க அனுப்பினார்கள்.

ஒரு மாதத்தில் ஆள் கிறுகிறுத்துப் போனான். கரையான் புற்றை மேலாளர் என்று நினைத்து சல்யூட் அடித்தான். வெட்டவெளி வெயிலில், ஒரு பொட்டு மேகம் இல்லாமல், முழு ஆட்டம் ஆடி முடித்துவிட்டு எதற்கு ஆடினோம் என்று யோசித்தான். எதிரே வந்த பாம்பைப் பார்த்து, “வாங்க அத்தை” என்றான். பாம்புக்கே வெட்கமாகிவிட்டது.

ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் இருளப்பனிடம் புலம்பினான். இருளப்பனும் பகல் வெளிச்சத்தில் கண் கூசி, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி வணக்கம் வைத்துக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இப்போது தெளிவாக இருந்தான்.

“நான் உக்காந்த இடத்துலயே கண்ணைத் திறந்துவச்சிட்டுத் தூங்கிடறேன், மாப்ளே. யாருக்குத் தெரியுது?”

“எனக்கு இமை நிக்காதேடா.”

“அப்ப வேற எதையாவது திறந்து வை.”

அன்றிரவு கொசுத்தொல்லை தாங்காமல் சிகாமணி தோகையை விரித்து முன்பக்கம் மறைத்துக்கொண்டான். அப்படியே அசந்துவிட்டான். திடீர்ச் சோதனைக்கு வந்த கோதண்டம் டார்ச்சை அடித்தார். இருட்டில் நூறு கண்கள் பளபளவென்று அவரையே முறைத்தன. நரி இரண்டு எட்டு பின்னால் துள்ளினார். வெளியே கெத்தாக, “நல்லது, நல்லது” என்று முனகிவிட்டு நடையைக் கட்டினார். மறுநாள் எல்லோர் முன்னாலும் சிகாமணிக்குப் பாராட்டு.

அப்புறம் கேட்கவேண்டுமா? தினமும் தோகையை விரிப்பது, பின்னால் சுருண்டுகொள்வது. கறி திருட வந்த கழுதைப்புலி ஒன்று அந்தக் கண்களைப் பார்த்து, வேலிமுள்ளில் பாதி வாலை விட்டுவிட்டு ஓடியது. சிகாமணி அப்போது கனவில் பூங்கோதைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் மழைக்காலம் முடிந்தால் மயிலுக்குத் தோகை உதிரும். ஒவ்வொன்றாக உதிர்ந்தது. சரியாக ஆணை வருகிற வாரத்தில் சிகாமணியின் பின்பக்கம் மொட்டையாகிவிட்டது. அழுதான். பிறகு மூளை வேலை செய்தது. உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய், கிடங்கு வாசலின் ஈரமண்ணில் அரைவட்டமாக நட்டுவிட்டு, அதன் பின்னால் படுத்தான். ஒரு குறையும் இல்லை.

அங்கேதான் பயல் ஒரு தப்புச் செய்தான். பாறை குளிர்கிறதே, இறகு பார்த்துக்கொள்ளும்போது நான் எதற்கு என்று மறுநாள் இரவு இறகை நட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டான். ராத்திரியில் தங்கராசும் கொத்துவதில்லை. ஆகா, என்ன தூக்கம்!

அந்த இரவு பார்த்துச் சிங்கமே சுற்றிப்பார்க்க வந்தது. கண்கள் இமைக்கவே இல்லை. பேச்சுக் கொடுத்தது, பதில் இல்லை. என்ன கடமையுணர்ச்சி என்று உருகிப்போய், தட்டிக்கொடுக்கலாமென்று பின்பக்கம் போனது. ஆளே இல்லை.

காலையில் கூப்பிட்டார்கள். சிகாமணி மொட்டை வாலோடு போய் நின்றான்.

“அய்யா, நான் காவல்ல ஒரு நிமிஷம் கூடத் தூங்கலைங்க” என்றான். உண்மைதானே, அவன் வீட்டில்தான் தூங்கினான்.

சிங்கம் வருத்தத்தோடு தலையாட்டியது. “அதான் தம்பி பிரச்சினை. நீ பின்னாடி குறட்டை விட்டுட்டிருந்தா, சரி, கண்ணைத் திறந்து வைக்க உள்ள ஒரு ஆள் வேணும்போலன்னு நெனச்சிருப்பேன். இப்பத்தானே தெரியுது, தூங்கறதுக்குக்கூட நீ தேவைப்படலைன்னு.”

அந்த இறகெல்லாம் என்னுடையது என்று சிகாமணி முறையிட்டதற்கு, உதிர்ந்தது காட்டுக்குச் சொந்தம் என்று கோதண்டம் விதியைக் காட்டினார். இறகு டீ கேட்பதில்லை, கொட்டாவி விடுவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை நிரந்தர ஆணைகள் வந்தன. பகலெல்லாம் ஆசனத்தை விட்டு நகராமல் தூங்கிய இருளப்பனுக்கு ஒன்று. இறகுகளுக்கு ஒன்று.

சடையாண்டி சொன்ன சொல் தவறாதவர். இரவே கிடங்கு வாசலுக்கு ஆள் அனுப்பி, இறகுகளிடம் ஜாதகம் கேட்டார்.

நீதி: வேலையில் தூங்குவதென்று முடிவு செய்துவிட்டால், தவறாமல் நேரில் வந்து தூங்கவும்.