மெசின் ஐயாவின் மனு

மாத்தளையில் யாருடைய நெஞ்சும் மெசின் ஐயாவிடம் சொல்லிவிட்டுத்தான் நிற்க வேண்டும். கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் நேரத்தில் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓடும் மெசினுக்கு உதவியாளராக இருந்தவர். இனக்கலவரத்தில் மாத்தளைக்கு ஓடிவந்தபோது அவர் கையில் மிஞ்சியது அந்த மெசினின் பழைய குழாய்த் துண்டு ஒன்றுதான்.

எனக்கு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரே தட்டச்சுக் கடை. மாதம் பிறந்தால் சுகாதார அமைச்சுக்கு மனு எழுத வந்துவிடுவார்.

"எழுதுங்க தம்பி. நெஞ்சு நின்னு விழுற பெரியவங்களுக்கு, அமுக்கியும் எழும்பலைன்னா அந்த மெசினைப் போடணும். மாத்தளைக்கு ஒன்னு குடுங்க."

"வார்டுல ஃபேனே ஓடல, ஐயா."

"ஃபேன் நின்னா வேர்க்கும். இது நின்னா? மெசின் சுகமாக்காதுங்க, டாக்டருக்கு நேரம் வாங்கிக் குடுக்கும்."

ஒருமுறை உக்குவளைக்குப் போகும் பஸ்ஸில் இராணுவச் சோதனை. குழாயைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டான் சிப்பாய். இரத்தம் இதில் வெளியே போய், காற்று ஏறி, சிவப்பாகத் திரும்பும் கதையை ஐயா சிங்களத்தில் விலாவாரியாக ஆரம்பித்தார். சிப்பாய் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். வேறு யார் பையையும் திறக்காமல் பஸ்ஸை அனுப்பிவிட்டான்.

ஒரு நாள் காலை, மனுவின் இரண்டாவது பந்தியைத் தட்டிக்கொண்டிருக்கையில், தட்டச்சுப்பொறி மேலேயே நான் சரிந்தேனாம். மூச்சில்லை, நாடியில்லை. ஐயா என் நெஞ்சில் கை வைத்து அமுக்கத் தொடங்க, பக்கத்துப் புடவைக்கடை ஹாஜியார் காய்கறி மூட்டைகளோடு தம்புள்ளைக்குப் போன லொறியை மறித்தார்.

"மூட்டை மேல வேணாம்! லீக்ஸை எறக்குங்க, பலகையில கிடத்தணும்!"

"யா அல்லாஹ், மெசினுக்கு எங்க போறது, ஐயா?"

"நான்தான் மெசின். நீங்க எண்ணுங்க ஹாஜியார்!"

ஹாஜியார் புடவை அளக்கிற குரலில் எண்ணினாராம். ஆஸ்பத்திரியில் டாக்டர் மின் அதிர்ச்சி கொடுக்கும் வரை ஐயா கையை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கண் திறந்தேன். ஐயா அழுதுகொண்டிருந்தார்.

"ரெண்டு விலா ஒடைஞ்சு போச்சு தம்பி. மன்னிச்சிருங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரெண்டாவது பந்தி பாதியில நிக்குது."

அவர் போய்ப் பல வருடமாகிறது. அவர் நெஞ்சு நின்றபோது நான் பக்கத்தில் இல்லை. அந்தக் குறை எனக்குத் தீராது. மனுவை மாதாமாதம் நானே தட்டி அனுப்புகிறேன். மழைக்காலத்தில் அந்த இரண்டு விலாவும் வலிக்கும். மனைவி தைலத்தை நீட்டுவாள். வேண்டாம் என்பேன். ஐயா கை வைத்த இடம் அது.