வட்டி கட்டவிடாத பதினஞ்சக்கா

கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கிவிட்டு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் சாமி மலைமேல் இருக்கிறார். அதே மலையின் அடிவாரத்தில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்து, தன்னிடம் வந்த ஒருத்தரையும் ஒரு பைசா வட்டி கட்டவிடாத அம்மாள் ஒருவரும் இருந்தார். திருப்பதியில் நான் கண்ட இரண்டாவது பெரிய அதிசயம் அவர்தான். "சாமி அன்னிக்கே எங்கிட்ட வந்திருந்தா இவ்ளோ தூரம் வுட்டிருக்க மாட்டேன்" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் பதினஞ்சக்கா. வருமான வரி ஆலோசகர். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நாலு மாதத்தில் பதினைந்தாம் தேதிக்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும், இல்லையென்றால் வட்டி. மற்ற நாட்களில் அக்கா நம்மைப் போல மனுஷிதான். தக்காளிக்குப் பேரம் பேசுவார், பல்வலி என்பார். பதினைந்தாம் தேதி விடிந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே குனிந்துகொள்வார்கள். "கட்டாரா லேதா?" என்று ஷட்டருக்குக் கீழே தலையை நுழைத்து தெலுங்கில் கேட்பார். கட்டியாகிவிட்டது என்று அழாத குறையாகப் பதில் வரும்.

நான் அப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபாக்டரிக்கு கன்சல்டன்டாகப் போய்வந்துகொண்டு திருப்பதியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். கன்சல்டன்ட் என்றால் சம்பளம் கிடையாது, ஃபீஸ். கம்பெனி அதில் கொஞ்சம்தான் வரி பிடிக்கும். மீதியை நாமே கணக்குப் போட்டுத் தவணையாகக் கட்ட வேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்து அப்பாவியான எனக்கு இது எப்படித் தெரியும்? வருஷம் முடிந்து மொத்தமாகக் கட்டப் போனால், வட்டி என்று ஒரு தொகை தனியாக நின்றது. நான் சாப்பிடும் மெஸ்ஸின் முதலாளி முருகேசனிடம் புலம்பினேன். "ஐயோ, பதினஞ்சக்கா காதுல வுழுந்தா அடிச்சிரும் சார்" என்று பதறியவர், மறுநாள் தானே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

அக்காவின் நாற்காலிக்கு மேலே நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வரி: 'எங்களவர் யாரும் வட்டி கட்டியதில்லை.' கோயில் கல்வெட்டைப் பார்ப்பதுபோல முருகேசன் அதைப் பார்த்து நின்றார்.

"வட்டி கட்டினியா?" என்றார் அக்கா, என்னவோ நான் சாராயம் குடித்ததைப்போல.

"கொஞ்சம்தான் அக்கா."

"கொஞ்சமோ நெறையவோ, வட்டின்றது இன்னா? நீ தூங்குமூஞ்சின்னு கவர்மெண்ட்டே ரசீது போட்டுக் குடுக்குது. எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி கட்டினதால மன்னிக்கிறேன்."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இன்னும் கையில் வராத காசுக்கு எப்படி முன்கூட்டியே வரி கட்டுவது என்று கேட்டேன்.

"ஒன் கல்யாணத்துக்கு எத்தினி பேருக்குச் சமைச்சாங்க? வந்தவங்கள எண்ணிட்டா ஒல வெச்சாங்க? இத்தினி பேர் வருவாங்கன்னு குத்துமதிப்பா வெக்கல? அப்படித்தான் இதுவும். ஜூன்ல ஒல வை, அப்புறம் கூட்டத்தப் பாத்துக்கினே அரிசியப் போடு."

அட்வான்ஸ் டாக்ஸை இதைவிடத் தெளிவாக எந்த ஆடிட்டரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து நானும் அவருடைய ஆள்.

அவருடைய வீரத்தைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை. ஒரு பாத்திரக்கடைக்காரர் ஜூன் பதினைந்தாம் தேதி மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்திருப்பார், பாவம். மணமேடையில் சொம்பைச் சாய்த்துத் தாரை வார்க்கப் போகும் நேரத்தில் அக்கா மேடை ஏறி, மனுஷனின் காதருகே குனிந்தார். "பேங்க்லேர்ந்து ஓடிபி வந்துகீது பாரு. மொதல்ல நம்பரச் சொல்லு, அப்புறம் தார வாரு." கெட்டிமேளம் கொட்டக் கையை ஓங்கிய தவில்காரர் அப்படியே நின்றார். ஐயர் போனை வாங்கிப் படிக்க, அக்கா தட்ட, வரி போய்ச் சேர்ந்தது. முகூர்த்தமும் தப்பவில்லை, தவணையும் தப்பவில்லை.

இன்னொரு நகைக்கடைக்காரர் கெட்டிக்காரர். தரிசன க்யூவில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் அல்லவா, அதனால் சரியாகப் பதினைந்தாம் தேதிக்கு மலைமேல் டிக்கெட் போட்டார். அலிபிரி சோதனைச் சாவடியில் கார் நின்றது. கண்ணாடியைத் தட்டியது போலீஸ் இல்லை, அக்கா. "அங்க போய் நிக்கறப்ப ஒன் மனசு சாமி மேல இருக்கணுமா, வட்டி மேல இருக்கணுமா?" என்று கேட்டிருக்கிறார். அங்கேயே கட்டிவிட்டுப் போனவர், அன்றைக்குப்போல நிம்மதியான தரிசனம் ஆயுசில் கிடைத்ததில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்பேர்ப்பட்ட அக்காவுக்கே ஒரு மார்ச் பதினைந்தில் சோதனை வந்தது. முந்தின மூன்று தவணையையும் மணி அடித்தாற்போலக் கட்டிய முருகேசன், கடைசித் தவணை நாளன்று போனை அணைத்துவிட்டார். மெஸ்ஸில் கேட்டால் நாகலாபுரத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அது அவர் சொந்த ஊர். மெஸ்ஸில் மதிய சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என்னை அக்கா இலையிலிருந்து எழுப்பினார்.

"ஏறு வண்டில. நீ சொன்னா அவன் கேப்பான்."

"அவ்வளவு தூரமா? ஸ்கூட்டரிலா?"

"பின்ன, ஏரோப்ளேன் வெச்சிகீறேனா?"

புத்தூர் தாண்டும்போதே என் இடுப்பு என்னுடையதாக இல்லை. வழியெல்லாம் அக்கா காற்றோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார். "ஜூன்லயே கேட்டேன், பெரிய செலவு எதுனா கீதாய்யான்னு. இல்லேன்னு சொன்னான். வரட்டும், பேசிக்கிறேன்."

நாகலாபுரத்தில் விசாரித்துக்கொண்டு போனால், ரிஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ் வாசலில் முருகேசன் நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி, மார்போடு பையை இறுக்கிக்கொண்டு. புது வேட்டியில் அவர் நைனா என்று கூப்பிடும் அப்பா. ஹெல்மெட்டைப் பார்த்ததும், அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு முருகேசன் தன் ஒல்லி நைனாவுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"போன் இன்னாத்துக்குய்யா ஆஃப் பண்ணே?"

"நெலம் அக்கா" என்றார், நைனாவின் தோளுக்கு மேலிருந்து. "எங்க நைனா காலமெல்லாம் கூலிக்கு உழுத நெலம். எங்களுக்குன்னு ஒரு சாண் கூட இருந்ததில்ல. ஓனர் பசங்க ஃபாரின்லேர்ந்து வந்துகீறாங்க. இன்னிக்கு வுட்டா நாளைக்கு வேற பார்ட்டிக்குக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. வரிக்கு வெச்சிருந்த காசையும் போட்டாத்தான் தேறுது."

அக்கா வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். "கவர்மெண்ட்டுப் பணம், கட்டிடச் சொல்லும்மா. நெலம் எங்க போவப் போவுது, வேற யாருனா பயிர் வெச்சிக்கினு இருப்பாங்க, பாத்துக்கினா போச்சு." சொல்லிவிட்டு வேட்டி நுனியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். பதினைந்தாம் தேதி பகலில் அவர் தலையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முருகேசா, வரியக் கட்டாத."

"அக்கா?"

"இன்னிக்குக் கட்டாதன்றேன். மாசத்துக்கு நூத்துக்கு ஒரு ரூபாதான் வட்டி. இந்த ஊர்ல எவன்யா ஒரு ரூபா வட்டிக்குக் குடுக்கறான்? மெஸ் வசூல் வந்ததும் வட்டியோட சேத்துக் கட்டிடு. நீ ஏமாத்தல, லேட்டாக் கட்டறே. சாமியே கட்டிக்கினு கீறாரு, நீ கட்டினா இன்னா கொறஞ்சிடும்? போ, நைனாவக் கூட்டிக்கினு உள்ள போ!"

"அக்கா, உங்க போர்டு…" என்று நான் வாயைத் திறந்தேன். ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு வர வேண்டியவர் ஒருவர் வரவில்லை. அந்த இடத்தில் அக்காவே கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் அவருடைய நிஜப் பெயரை எட்டிப் பார்த்தேன். அதை இங்கே எழுதினால் ஸ்கூட்டரிலேயே சென்னைக்கு வந்துவிடுவார், எதற்கு வம்பு? திரும்பும் வழியில் புத்தூரில் வண்டியை நிறுத்தி, "பசிக்குது, எதுனா துன்னலாமா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பயந்துகொண்டே ஆபீஸுக்குப் போனேன். பலகை அங்கேயேதான் இருந்தது. அடியில் மட்டும், பெயின்ட் காயாத சின்ன எழுத்தில் புதிதாக ஒரு வரி: 'முருகேசன் நீங்கலாக. அதுவும் நான் சொல்லித்தான்.'

சொன்ன சொல் தவறாமல் முருகேசன் வட்டியோடு கட்டினார். முதல் அறுவடையில் ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்து அக்காவின் மேஜைமேல் வைத்தார். அக்கா ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "வெவசாய வருமானம். இதுக்கு டாக்ஸே இல்லய்யா, நிம்மதியாத் துன்னலாம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதற்குக் கடலைத் தோல் காரணம் என்று சொன்னார்.

நான் சென்னைக்கு வந்து சில வருஷம் ஆகிறது. இங்கே எனக்கு வேறு ஆடிட்டர், நினைவூட்ட போனில் ஒரு ஆப். ஆனாலும் பதினைந்தாம் தேதி தவறாமல் அக்கா கூப்பிடுகிறார். "இன்னாபா, கட்டிட்டியா?"

"ஐயோ, மறந்தே போச்சு அக்கா!"

அப்புறம் கால்மணி நேரம் விழும் வசவை மொட்டைமாடியில் நடந்துகொண்டே கேட்பேன். வரியைப் பத்தாம் தேதியே கட்டிவிடுகிறேன். அதைச் சொன்னால் உடனே போனை வைத்துவிடுவாரே.