கோகிலாவின் கழுத்துக் கம்பளி

அந்தக் கம்பளி கோகிலாவின் கழுத்தில் ஏறினால் குடும்ப மானம் இறங்கிவிடும் என்று அவள் கணவர் தம்பிராஜா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

அறுபத்து நாலாம் வருஷம். மலாக்காவின் காஜா பேராங்கில் அடுத்த வீட்டு அஸ்மா டெலிவிஷன் வாங்கியிருந்தாள். அதில் பனிமலையில் குதிரை ஓட்டும் ராணி ஒருத்தி, கழுத்தில் தடிமனான கம்பளி வளையத்தோடு, திருடர்களை மிரட்டினாள். மறுநாளே கோகிலா குரோஷா ஊசியும் ஊதாக் கம்பளி நூலும் வாங்கிவிட்டாள். கான்வென்ட்டில் அவள் தைத்ததையெல்லாம் சிஸ்டர் பிரித்துப் போட்டதுதான் அவள் கற்ற கைவேலை. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகள் தம் இஷ்டத்துக்குப் பெருகின. கழுத்துக்கென்று ஆரம்பித்தது தோளில் வந்து உட்கார்ந்தது.

"மலாக்கா வெயில்ல இதை எந்தப் பைத்தியம் போடும்?"

"நான் போடுவேன்."

"ஒரு நிமிஷம் தாங்க மாட்டே."

"பந்தயமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட அஸ்மாவைச் சாட்சிக்கு அழைத்தார் தம்பிராஜா.

"சனிக்கிழமை மத்தியானம் மாட்டணும். பொழுது சாயறவரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டினா ஊசி, நூல் எல்லாம் குப்பைக்கு. தாங்கிட்டா, இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் என்னோடது!"

"எங்க உட்காரணும்னு சட்டம் உண்டா?"

"எங்க வேணும்னாலும் உட்காரு. வெயில் உனக்குப் பயந்து ஒதுங்கிடுமா?"

"அண்ணே, யோசிச்சுப் பேசுங்க," என்றாள் அஸ்மா. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சனிக்கிழமை கோகிலா பட்டுச்சேலை கட்டி, கம்பளியை மாட்டி, தெருவில் போன திரிஷா சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்தினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"டவுன்ல ஏர்கோன் போட்ட தியேட்டருக்கு. இருட்டுல கழட்டிடுவேன்னு சந்தேகமா இருந்தா கூட வாங்க."

சந்தேகம்தான். மெல்லிய ஜிப்பாவோடு ஏறிவிட்டார். தெருவே சிரித்தது. அவர் துண்டால் முகத்தை மூடினார். அவள் குதிரை மேல் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தியேட்டரில் ஏர்கோன் குளிர்காற்றை நேராக அவர் உச்சந்தலையில் ஊதியது. கோகிலா கதகதப்பாகக் கச்சான் கடலை கொறித்தாள். இடைவேளைக்குள் அவர் பற்கள் தாளம் போட்டன.

"கோகிலா, வீட்டுக்குப் போயிடலாமா?"

"பொழுது சாயலையே."

"நீ ஜெயிச்சேன்னே வச்சுக்கோ."

"வச்சுக்க முடியாது. தோத்தேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

"தோத்தேன்டி! அந்தக் கம்பளியை இப்படிக் கொடு!"

அது அவர் கழுத்தில் விழுந்தது. பின்வரிசையிலிருந்து, சாட்சிக்கு வந்திருந்த அஸ்மாவின் தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, நாளைக்கு நெத்திலிச் சம்பலுக்கு மிளகாய் கொஞ்சம் கம்மியா போடுங்க. எங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க."