நட்சத்திரக் கொழுக்கட்டை

தப்பான சாக்கெட்டை மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்தேன். உலகத்தில் எந்தக் கணவனும் எடுத்திராத முடிவு.

காரணம் உண்டு. என் மனைவி குந்தவைக்குப் பாபநாசம் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். கார் லைசென்ஸும் வந்துவிட்டது. வலங்கைமானிலிருந்து அவள் காரில் போனால், கும்பகோணத்தில் வேலை பார்க்கும் நான் டவுன் பஸ்ஸில் தொங்க வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது டிரைவர் சீட். போன அறுவடையில் காரில் ஏற்றிய மூட்டை கிழிந்து, சீட் நகரும் தண்டவாளத்துக்குள் நெல் புகுந்து, சீட் பின்பக்கமாகவே இறுகிவிட்டது. நான் ஆறடி. எனக்கு வசதி. குந்தவைக்கு பிரேக்கே எட்டாது.

"சீட்டைக் கழட்டி சுத்தம் பண்ணிடலாமேங்க. மெக்கானிக்கைக் கூப்பிடவா?"

"மெக்கானிக் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டின் தலை வழக்கமான ஆறு பட்டை இல்லை. நட்சத்திரம். அதைக் கவ்வித் திருகவென்றே, ஸ்பேனரில் மாட்டும் நட்சத்திரக் குழி சாக்கெட் உண்டு. வேறு எதை மாட்டினாலும் வழுக்கும். குனிந்து பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கும்பகோணத்தில் நெய்னா முகம்மது கடையில் அது கண்ணாடிக்குள் மினுக்கிக்கொண்டும் இருந்தது.

நான் ஆறு பட்டை வாங்கிவந்தேன்.

மாட்டித் திருகினேன். வழுக்கியது. முக்கினேன். நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வியர்வை என்றேன்.

"அளவு ஒரு நூல் பெரிசு. நாளைக்குச் சின்னது வாங்கிட்டு வர்றேன்."

சின்னது உள்ளேயே நுழையவில்லை. அடுத்து பன்னிரண்டு பட்டை. அதுவும் என் மானத்தைக் காப்பாற்றி வழுக்கியது.

"ஏங்க, நீங்க போல்ட்டை அளவெடுக்கவே இல்லையே?"

"கண்ணாலயே எடுப்பேன்."

"அளவு ஜாக்கெட் குடுக்காம நான் டெய்லர்கிட்ட எதையாவது தைக்கச் சொல்லியிருக்கேனா?"

"இது ஜாக்கெட் இல்லம்மா, சாக்கெட்."

"எதுவா இருந்தாலும் பொருந்தணும்ல?"

சனிக்கிழமை கொழுக்கட்டை செய்தாள். ஓரமாக இருந்த ஒன்றின் நடுவில் மட்டும் நட்சத்திரப் பள்ளம்.

"ஐயோ, அது வேணாங்க!"

"ஏன், உனக்குன்னு எடுத்து வச்சதா?" வாயில் போட்டேன். புது டிசைன். லேசாக ஒரு வாசம். நெய் என்று நினைத்தேன்.

ஞாயிறு மதியம் தூங்கி எழுந்தால், டிரைவர் சீட் வாசலில் கிடந்தது. பக்கத்தில் குந்தவை. கையில் நட்சத்திர சாக்கெட்.

"இது... எப்படி?"

"கொழுக்கட்டை மாவை போல்ட் மேல அழுத்தி, அந்த அச்சை எடுத்துட்டு நேத்து கடைக்குப் போனேன். நெய்னா பாய் பாத்ததும் எடுத்துக் குடுத்துட்டார்."

"அச்சைத்தான் நான் தின்னுட்டேனே?"

"அது சரியா பதியாததுங்க. ஒரே கிரீஸ். சொன்னா கேட்டாத்தானே?"

காருக்குள் எட்டிப் பார்த்தேன். மழைத்தண்ணீர் இறங்கி, தண்டவாளத்தில் நெல் பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது.

"நாத்து விட்டிருக்கீங்க," என்றாள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நடவே நட்டிருக்கலாம்."

நாற்றைப் பிடுங்கிச் சீட்டைத் திரும்ப மாட்டினாள். உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் மோவாயை இடித்தது.

"என்னடி, இவ்வளவு முன்னாடி இருக்கு?"

"தண்டவாளத்துப் பல்லெல்லாம் துருங்க. இனிமே நகராது. எனக்கு எட்டுற இடமாப் பாத்து முடுக்கிட்டேன்."

"சாக்கெட்டைக் குடு."

"என் ஹேண்ட்பேக்ல பத்திரமா இருக்கு."

திங்கட்கிழமை காலை அந்த ஹேண்ட்பேக்கோடு கிளம்பினாள். கியர் மாற்றிய சத்தமே கேட்கவில்லை. என்னால் இன்றுவரை முடியாத காரியம். தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டு அழகாகத் திரும்பினாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பஸ் வரும்வரை.

கும்பகோணத்தில் இறங்கியதும் நேரே நெய்னா கடைக்கு ஓடினேன்.

"பாய், அந்த நட்சத்திர சாக்கெட் ஒண்ணு குடுங்க."

அவர் ஆறு பட்டையை எடுத்து வைத்தார்.

"பாய், இது வழுக்கும்!"

"தெரியும் தம்பி. நீங்க எதைக் கேட்டாலும் இதையே குடுக்கச் சொல்லி தங்கச்சி சொல்லிட்டுப் போயிருக்கு. உங்களுக்கு இதுதான் பிடிக்குமாமே?"